பேராயர் மக்காரியோஸ்: பங்கு போட்ட ஆட்சி மூன்றே ஆண்டில் முறிந்த கதை



வழக்கமாக இந்தப் பக்கத்தில் சம்பளம், சந்தா, வீடு, சொக்சோ என்று நம் பிரச்சினைகளைத்தான் பேசுவோம். அவ்வப்போது ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையைச் சொல்வதும் உண்டு. இந்த வாரம் சொல்லப் போகிறவர் தமிழரும் இல்லை, தொழிலாளியும் இல்லை. அவர் ஒரு பாதிரியார். கறுப்பு அங்கி, தாடி, தலையில் உயரமான கறுப்புத் தொப்பி. 1960களிலும் 70களிலும் பத்திரிகை படித்த நம் அப்பா, தாத்தாமார்களுக்கு அந்த முகம் நன்றாகப் பழக்கம். பேராயர் மக்காரியோஸ், சைப்பிரஸ் தீவின் முதல் அதிபர். 1977ல் காலமானார்.

இவர் கதை நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். அவர் முன்னால் இருந்த கணக்கு நமக்கும் தெரிந்த கணக்குதான். ஓர் இடத்தில் இரண்டு இனம். ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு. அதிகாரத்தை எப்படிப் பங்கு போடுவது? சின்ன இனம் வேண்டாம் என்று சொன்னால் காரியம் நிற்க வேண்டுமா, நடக்க வேண்டுமா? நாடு என்றாலும் இதே கேள்விதான், தோட்டத்துக் கிளைக் கமிட்டி என்றாலும் இதே கேள்விதான். இதில் நானே ஒரு தப்புச் செய்தவன். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் பேராயர் கதையைக் கேளுங்கள்.

ஆட்டிடையன் மகன்

சைப்பிரஸ் பெரிய நாடு இல்லை. பரப்பளவு 9,251 சதுர கிலோமீட்டர். ஏறக்குறைய நம் கெடா மாநிலம் அளவு. துருக்கி நாட்டின் கரை அங்கிருந்து 70 கிலோமீட்டர்தான். கிரீஸ் நாடோ 800 கிலோமீட்டருக்கு அப்பால். ஆனால் தீவில் இருந்தவர்களில் நூற்றுக்கு 77 பேர் கிரேக்க மொழி பேசும் கிறிஸ்தவர்கள். நூற்றுக்கு 18 பேர் துருக்கிய முஸ்லிம்கள். துருக்கிய சுல்தான்கள் 1571ல் தீவைப் பிடித்து 300 ஆண்டு ஆண்டார்கள். 1878ல் வெள்ளைக்காரன் வந்தான். 1925ல் அதைத் தன் காலனி என்று அறிவித்தான்.

பாஃபோஸ் மலைப்பகுதியில் பனாயியா என்று ஒரு கிராமம். அங்கே 1913 ஆகஸ்ட் 13ல் ஓர் ஆட்டிடையன் குடும்பத்தில் மைக்கேல் மூஸ்கோஸ் பிறந்தார். சின்ன வயதிலேயே தாயை இழந்தார். ஏழை வீட்டுப் பையன் மேலே படிக்க வேண்டுமானால் அந்தக் காலத்தில் அங்கே மடம்தான் வழி. 13 வயதில் கிக்கோஸ் மடத்தில் சேர்ந்தார். படிப்பில் கெட்டிக்காரன் என்று கண்ட மடத்தார் நிக்கோசியா நகரில் பள்ளிக்கு அனுப்பினார்கள். பிறகு ஏதென்ஸ் பல்கலைக்கழகம், அதன்பின் உதவிச் சம்பளத்தில் அமெரிக்காவில் பாஸ்டன் நகரம். அங்கே படித்துக்கொண்டிருந்தபோதே, 1948ல் சொந்தத் தீவில் ஆயராகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். 1950 அக்டோபரில் தீவுக்கே பேராயர். அப்போது வயது 37. பதவிப் பெயர் மூன்றாம் மக்காரியோஸ்.

அங்கே பேராயர் என்றால் பூசை செய்கிறவர் மட்டும் இல்லை. சுல்தான் ஆண்ட காலத்திலிருந்தே கிரேக்க மக்களுக்காக அரசாங்கத்திடம் பேசுகிற தலைவரும் அவர்தான். கோயிலும் அரசியலும் ஒரே கையில். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குப் பலமும் இதுதான், பின்னால் பலவீனமும் இதுதான்.

ஒரு பக்கம் மட்டும் கேட்ட கேள்வி

கிரேக்க மக்களுக்கு அப்போது ஒரே கனவு. வெள்ளைக்காரனை அனுப்பிவிட்டுத் தாய்நாடான கிரீஸோடு தீவைச் சேர்த்துவிட வேண்டும். இதற்கு அவர்கள் மொழியில் இனோசிஸ் என்று பெயர். 1950 ஜனவரியில், மக்காரியோஸ் ஆயராக இருந்தபோதே, திருச்சபை ஓர் ஓட்டெடுப்பு நடத்தியது. கோயிலில் ஏடு வைத்துக் கையெழுத்து வாங்கினார்கள். கிரேக்கரில் நூற்றுக்கு 96 பேர் கிரீஸோடு சேர வேண்டும் என்று கையெழுத்துப் போட்டார்கள்.

துருக்கியரை யாரும் கேட்கவில்லை. ஊருக்கு நூற்றில் 18 பேர் என்றால் ஐந்து வீட்டுக்கு ஒரு வீடு மாதிரி. அந்த வீட்டுக் கதவைத் தட்டாமலேயே எதிர்காலத்தை முடிவு பண்ணப் பார்த்தார்கள். கிரீஸோடு சேர்ந்தால் தங்கள் கதி என்ன என்று அவர்களுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அந்தப் பயம் கொஞ்ச நாளில் தீவை இரண்டாக வெட்ட வேண்டும் என்கிற கோரிக்கையாக வளர்ந்தது.

இதற்கு நடுவில் பிரியாமல் இருந்தவன் தொழிலாளி ஒருவன்தான். 1948ல், அமெரிக்கக் கம்பெனி நடத்திய செம்புச் சுரங்கத்தில் கிரேக்கனும் துருக்கியனும் ஒரே வரிசையில் நின்று மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். பியோ என்ற தொழிலாளர் சம்மேளனத்தில் இரண்டு இனத்தாரும் உறுப்பினர்கள். சந்தா ஒன்று, கூட்டம் ஒன்று, கோரிக்கை ஒன்று.

துப்பாக்கியும் நாடு கடத்தலும்

1955 ஏப்ரல் 1ல் இயோக்கா என்கிற ரகசியப் படை வெள்ளைக்காரனுக்கு எதிராகக் குண்டு வெடித்தது. தளபதி கிரீவாஸ் என்ற பழைய ராணுவ அதிகாரி. அரசியல் தலைமை மக்காரியோஸிடம். அடக்குவதற்குக் கவர்னராக வந்தவர் பீல்டு மார்ஷல் ஹார்டிங். இந்தப் பெயர் நம் நாட்டுக்கும் சம்பந்தப்பட்டது. மலாயாவில் அவசரகாலம் நடந்தபோது தூரக்கிழக்குத் தரைப்படைக்குத் தலைவராக இருந்தவர் இவர்தான். சைப்பிரஸிலும் 1955 நவம்பரில் அவசரகாலம் அறிவித்தார். பேராயரோடு பேசிப் பார்த்தார், ஒத்துவரவில்லை. 1956 மார்ச் 9ல் அவரைப் பிடித்து இந்துமாக்கடலில் உள்ள சேசெல்ஸ் தீவுக்குக் கப்பலேற்றினார்கள். ஒரு வருஷம் கழித்து விடுதலை. ஆனால் ஊருக்குத் திரும்பத் தடை. 1959 மார்ச் வரை ஏதென்ஸில்தான் இருந்தார்.

வெள்ளைக்காரன் இன்னொரு காரியமும் செய்தான். இயோக்காவை எதிர்க்கத் துருக்கியரைத் துணைப் போலீசில் ஆள் சேர்த்தான். கிரேக்க இளைஞன் சுட்டால் துருக்கியப் போலீஸ்காரன் விழுவான். அவன் சுட்டால் கிரேக்கன் விழுவான். துரை ஒதுங்கி நிற்பான். துருக்கியர் பக்கத்திலும் டி.எம்.டி. என்று ஒரு ரகசியப் படை கிளம்பியது. 1958ல் அது துருக்கியத் தொழிலாளர்களை மிரட்டிப் பொதுச் சங்கத்திலிருந்து விலக வைத்தது. பலர் உயிருக்குப் பயந்து விலகினார்கள். விலகாமல் நின்ற சிலர் சுடப்பட்டார்கள். அப்படித்தான் தொழிலாளியின் ஒற்றுமையையும் உடைத்தார்கள். சுரங்கத்து முதலாளியால் முடியாததை இனவெறி முடித்து வைத்தது.

பத்துக்கு ஏழும் மூன்றும்

1959 பிப்ரவரியில் கிரீஸ், துருக்கி இரண்டு நாட்டுப் பிரதமர்களும் சூரிக் நகரில் உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் எழுதினார்கள். கிரீஸோடு சேர்வதும் இல்லை, தீவை வெட்டுவதும் இல்லை. சைப்பிரஸ் தனி நாடு. இரண்டு இனமும் பங்கு போட்டு ஆள வேண்டும். அந்த ஒப்பந்தத்தை லண்டனுக்குக் கொண்டுவந்து மக்காரியோஸ் முன்னால் வைத்தார்கள். அவர் பல ஆட்சேபணை சொன்னார். யாரும் திருத்தத் தயாராக இல்லை. ஓர் இரவு யோசித்தார். 19ந் தேதி கையெழுத்துப் போட்டார்.

நம்ம தொழிலில் இது புரியாத விஷயமா? கிளையைக் கேட்காமல் மேலிடத்தில் எழுதிய கூட்டு ஒப்பந்தம். கையெழுத்து நம்முடையது, வாசகம் வேறு ஆளுடையது.

ஒப்பந்தத்தின் கணக்கு இது. அதிபர் கிரேக்கர், கிரேக்கரே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். துணை அதிபர் துருக்கியர், துருக்கியரே தேர்ந்தெடுப்பார்கள். மந்திரிகள் 7 கிரேக்கர், 3 துருக்கியர். நாடாளுமன்றத்தில் 50 நாற்காலி, 35க்கு 15. அரசாங்க வேலை நூற்றுக்கு 70க்கு 30. ராணுவத்தில் 60க்கு 40. வெளிநாட்டு விவகாரம், தற்காப்பு, பாதுகாப்பு இவற்றில் அதிபருக்கும் தடுக்கும் உரிமை, துணை அதிபருக்கும் தடுக்கும் உரிமை. வரிச் சட்டம் நிறைவேற இரண்டு இன உறுப்பினர்களிலும் தனித்தனியே பெரும்பான்மை வேண்டும். ஐந்து நகரங்களில் தனித்தனி நகராட்சி. அரசியல் சட்டத்தின் அடிப்படை விதிகளை யாரும் எப்போதும் திருத்தக்கூடாது. இதற்கெல்லாம் பிரிட்டன், கிரீஸ், துருக்கி மூன்றும் ஜாமீன். பிரிட்டனுக்கு இரண்டு ராணுவத் தளம் நிரந்தரமாக உண்டு.

1959 டிசம்பர் தேர்தலில் மூன்றில் இரு பங்கு ஓட்டு வாங்கி மக்காரியோஸ் வென்றார். துணை அதிபர் டாக்டர் ஃபாசில் குச்சூக், வைத்தியம் பார்த்தவர். 1960 ஆகஸ்ட் 16ல் சுதந்திரம்.

எங்கே வினை பிடித்தது?

கிரேக்கர் முணுமுணுத்தார்கள். நூற்றுக்கு 18 பேருக்கு 30 வேலையா, ராணுவத்தில் 40ஆ என்று கேட்டார்கள். வேலை தேடும் வாலிபனுக்கு இந்தக் கணக்கு வயிற்றெரிச்சல்தான். துருக்கியர் பக்கம் வேறு நியாயம். எண்ணிக்கையில் சிறியவனுக்கு எண்ணிக்கைப்படி கொடுத்தால் அவன் எப்போதும் தோற்றுக்கொண்டேதான் இருப்பான். கூடக் கொஞ்சம் கொடுத்தால்தான் கைக்கு ஏதோ இருக்கும் என்றார்கள். இரண்டு நியாயமும் முழுக்கப் பொய் இல்லை.

70க்கு 30ஐ மக்காரியோஸ் இழுத்தடித்தார். தனி நகராட்சியையும் தள்ளிப்போட்டார். கோபித்த துருக்கிய உறுப்பினர்கள் 1961ல் வரிச் சட்டத்தை எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். நாட்டுக்கு ஒழுங்கான வருமான வரிச் சட்டமே இல்லாமல் போயிற்று. ராணுவத்தில் இரண்டு இனமும் ஒரே பிரிவில் கலந்து இருக்க வேண்டும் என்றார் மக்காரியோஸ். தனித்தனிப் பிரிவு வேண்டும் என்றார் குச்சூக். தடுக்கும் உரிமையைப் பயன்படுத்தினார். ராணுவம் கடைசி வரை அமையவே இல்லை. அரசியல் சட்ட நீதிமன்றத்துக்கு நடுநிலைத் தலைவராக வந்த ஜெர்மானியப் பேராசிரியரும் 1963ல் பதவி விலகிப் போய்விட்டார்.

ராணுவம் இல்லையே தவிர, துப்பாக்கி இல்லாமல் இல்லை. 1959 அக்டோபரிலேயே துருக்கியிலிருந்து ஆயுதம் ஏற்றி வந்த படகு ஒன்று பிடிபட்டது. கிரேக்கர் பக்கத்திலும் பழைய இயோக்கா ஆட்கள் ரகசியமாகப் படை திரட்டினார்கள். திரட்டியவர்களில் மக்காரியோஸின் மந்திரியே உண்டு. ஒரு கையால் பங்கு போட்டார்கள், மறு கையை இடுப்பில் வைத்திருந்தார்கள்.

மக்காரியோஸும் தன் மக்களிடம் பேசும்போது ஒப்பந்தம் முடிவு அல்ல, போராட்டத்தின் ஒரு படி என்கிற தோரணையில்தான் பேசினார். கிரேக்கர் கை தட்டினார்கள். அடுத்த வீட்டுத் துருக்கியனும் அதைக் கேட்டுக்கொண்டுதானே இருந்தான்? தன் பங்கு எத்தனை நாளைக்கு என்று அவனுக்கு அன்றே சந்தேகம்.

1963 நவம்பர் 30ல் மக்காரியோஸ் 13 திருத்தங்களை எழுதி குச்சூக்கிடம் கொடுத்தார். தடுக்கும் உரிமையை எடுத்துவிடலாம், தனிப் பெரும்பான்மை வேண்டாம், நகராட்சி ஒன்றாக இருக்கட்டும், வேலைப் பங்கை மக்கள் தொகைப்படி குறைக்கலாம். ஆட்சி ஓடவில்லை, அதனால் திருத்துகிறேன் என்பது அவர் வாதம். ஓடவில்லை என்பது உண்மைதான். ஆனால் திருத்தம் முழுக்கச் சின்னவனின் பாதுகாப்பைக் கழற்றுகிற திருத்தம். துருக்கி மறுத்தது. டிசம்பர் 21 விடியற்காலையில் நிக்கோசியாவில், கிரேக்கப் போலீஸ் ஒரு காரை மறித்துச் சோதனை கேட்ட தகராறில் இரண்டு துருக்கியர் சுடப்பட்டு இறந்தார்கள். ஊர் பற்றிக்கொண்டது.

அந்த மாதக் கடைசியில் ஒரு பிரிட்டிஷ் ஜெனரல் தலைநகரின் வரைபடத்தில் பச்சைப் பென்சிலால் ஒரு கோடு போட்டார். அந்தப் பக்கம் துருக்கியர், இந்தப் பக்கம் கிரேக்கர். சண்டையில் இரண்டு பக்கத்திலும் நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். சுமார் 25,000 துருக்கியர் வீடு வாசலை விட்டுச் சின்னச் சின்ன வட்டாரங்களில் போய் ஒண்டினார்கள். அங்கே சிமெண்டு போகக்கூடாது, இரும்பு போகக்கூடாது என்று மக்காரியோஸ் அரசாங்கம் தடை போட்டது. துருக்கிய மந்திரிகள் ஆட்சியில் இல்லை. தாங்களாகவே போனார்கள் என்கிறார்கள் கிரேக்கர். விரட்டிவிட்டார்கள் என்கிறார்கள் துருக்கியர். 1964 மார்ச்சில் ஐ.நா. படை வந்தது.

சுதந்திரம் கிடைத்து மூன்று வருஷம் நாலு மாதம். பங்கு போட்ட ஆட்சி அதோடு முடிந்தது.

ஒரே காரில் இரண்டு பேர்

இந்த இடத்தில் நம் வர்க்கத்தைச் சேர்ந்த இரண்டு பேரைச் சொல்லாமல் போக எனக்கு மனசு வரவில்லை. ஒருவர் துருக்கியர், தெர்விஷ் அலி கவாஸோக்ளு. மற்றவர் கிரேக்கர், கோஸ்தாஸ் மிசியாவுலிஸ். இருவரும் பியோ சம்மேளனத்தின் ஊழியர்கள். எல்லாரும் பிரிந்த பிறகும் இவர்கள் பிரியவில்லை. சேர்ந்தே ஊர் ஊராகப் போய் ஒற்றுமையைப் பேசினார்கள். 1965 ஏப்ரல் 11ல் லார்னாக்கா சாலையில் காரில் போகும்போது இருவரையும் சுட்டுக் கொன்றார்கள். உடல் இரண்டும் ஒரே காருக்குள் கிடந்தன. அந்தத் தீவில் அதிகாரத்தைப் பங்கு போடத் தெரிந்தவர்கள் யார் என்றால், கோட்டுப் போட்டவர்களும் இல்லை, அங்கி போட்டவர்களும் இல்லை. சந்தா புத்தகம் தூக்கிக்கொண்டு நடந்த இப்படிப்பட்டவர்கள்தான்.

தன் ஆட்களே திருப்பிய துப்பாக்கி

மக்காரியோஸ் புத்திசாலி. உலக அரங்கில் அணிசேரா நாடுகளின் தலைவர்களோடு சமமாக உட்கார்ந்தவர். 1967ல் ஏதென்ஸில் ராணுவ அதிகாரிகள் ஆட்சியைப் பிடித்ததும் அவருக்குக் கண் திறந்தது. கிரீஸோடு சேர்வது இனி ஆகாத காரியம். ஆகிற காரியத்தைப் பார்ப்போம் என்று 1968 தொடக்கத்தில் வெளிப்படையாகவே சொன்னார். தேர்தலில் நூற்றுக்கு 95க்கு மேல் ஓட்டு. துருக்கியர் வட்டாரங்கள் மீதிருந்த தடைகளைத் தளர்த்தினார். இரண்டு இனத்தின் பிரதிநிதிகளும் ஆறு வருஷம் பேசினார்கள். கிரேக்கர் பக்கம் கிளெரிடீஸ், துருக்கியர் பக்கம் டெங்டாஷ். துருக்கியர் தரப்பு பழைய தடுக்கும் உரிமைகளில் பலவற்றை விட்டுக்கொடுத்து, பதிலுக்கு உள்ளூர் ஆட்சியில் அதிகாரம் கேட்டது. மக்காரியோஸ் இணங்கவில்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் இன்னும் நல்ல பேரம் கிடைக்கும் என்று நினைத்தார் போலிருக்கிறது. கூலி பேசுகிற நம்மவர்களும் சில நேரம் இப்படித்தான் கைக்கு வந்ததை நழுவ விடுகிறோம்.

அதற்குள் அவர் ஆட்களே அவரைத் துரோகி என்றார்கள். ஒரு காலத்தில் கிரீஸோடு சேர்ப்பேன் என்று ஊரைக் கிளப்பிவிட்டவர் இவர்தானே? கிளப்பிய நெருப்பு வீட்டுக்கே திரும்பியது. 1970 மார்ச் 8ல் அவர் ஏறிய ஹெலிகாப்டரைச் சுட்டார்கள்; விமானிக்குக் காயம், அவர் தப்பினார். கிரீவாஸ் ரகசியமாகத் திரும்பி வந்து இரண்டாவது இயோக்காவைத் தொடங்கினார். 1973ல் மூன்று ஆயர்கள் சேர்ந்து பேராயர் பதவியையே பறிக்கப் பார்த்தார்கள்.

1974 ஜூலை 15ல் ஏதென்ஸ் ராணுவ ஆட்சியின் தூண்டுதலில் படை அவர் மாளிகையைத் தாக்கியது. பின்பக்கமாக வெளியேறிப் பாஃபோஸுக்குப் போய், தான் உயிரோடு இருப்பதை வானொலியில் அறிவித்தார். பிரிட்டிஷ் தளம் வழியாக லண்டன் போனார். 19ந் தேதி ஐ.நா. பாதுகாப்புச் சபையில் நின்று, தன் நாட்டின் மேல் படையெடுத்தது கிரீஸ்தான் என்று புகார் செய்தார். தாய்நாடு என்று எந்த நாட்டோடு சேரத் துடித்தாரோ, அதே நாட்டின் மேல் புகார்.

மறுநாள் 20ந் தேதி, ஜாமீன் கொடுத்த நாடு என்கிற உரிமையைக் காட்டித் துருக்கிப் படை வடகரையில் இறங்கியது. ஆகஸ்டில் மறுபடியும் முன்னேறித் தீவின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிடித்துக்கொண்டது. ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட கிரேக்கர் தெற்கே ஓடினார்கள். நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட துருக்கியர் வடக்கே போனார்கள். ஆலிவ் மரம் வைத்தவன் ஒருவன், காய் பறித்தவன் வேறொருவன்.

கடைசிக் கையெழுத்து

1974 டிசம்பரில் மக்காரியோஸ் திரும்பி வந்தார். பாதி காலியான நாடு, அகதிக் கூடாரங்கள். 1977 பிப்ரவரி 12ல் ஐ.நா. பொதுச்செயலாளர் முன்னிலையில் டெங்டாஷோடு உட்கார்ந்து நாலு அம்ச உடன்பாடு ஒன்றை ஒப்புக்கொண்டார். சைப்பிரஸ் சுதந்திரமான, அணிசேராத, இரண்டு இனங்களின் கூட்டாட்சிக் குடியரசாக இருக்கும் என்பது அதன் முதல் அம்சம். 1963ல் 30 பங்கு அதிகம் என்று கணக்குப் பார்த்தவர், 1977ல் சின்ன இனத்துக்குச் சொந்த நிர்வாகமுள்ள ஒரு வட்டாரத்தையே ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. அந்த உடன்பாட்டை நடத்திக் காட்ட அவருக்கு நாள் இல்லை. ஆகஸ்ட் 3ல் மாரடைப்பில் இறந்தார். வயது 63. 13 வயதில் சேர்ந்த கிக்கோஸ் மடத்துக்கு மேலே, மலையில் அவரை அடக்கம் செய்தார்கள்.

அவரைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். ஏழையாகப் பிறந்து, வெள்ளைக்காரனுக்கு முன் தலை நிமிர்ந்து நின்றவர். துருக்கியர் தலைவர்களும் தடுக்கும் உரிமையைக் கடைசி ஆயுதமாக வைக்காமல் எடுத்ததற்கெல்லாம் வீசினார்கள். அண்டை நாட்டுப் படையை நம்பினார்கள். வெளியூர்க்காரர்கள் எழுதிய சட்டமும் இறுக்கமான சட்டம்தான். இருந்தாலும் பெரிய பங்கு யார் கையில் இருக்கிறதோ, பொறுமையும் அவர் கையில்தான் முதலில் இருக்க வேண்டும். மக்காரியோஸ் கையெழுத்தைப் போட்டார், மனசைப் போடவில்லை.

இன்றைய நிலை என்ன? 1983ல் வடக்கு தனி நாடு என்று அறிவித்துக்கொண்டது. துருக்கியைத் தவிர எந்த நாடும் அதை ஏற்கவில்லை. 2003ல் கோட்டில் வழி திறந்தார்கள். 2004 ஏப்ரலில் ஐ.நா. ஒரு திட்டம் கொடுத்து இரண்டு பக்கமும் ஓட்டெடுத்தது. துருக்கியரில் நூற்றுக்கு 65 பேர் சரி என்றார்கள். கிரேக்கரில் நூற்றுக்கு 76 பேர் வேண்டாம் என்றார்கள். ஐ.நா. படை இன்னும் அங்கேதான் நிற்கிறது. 1985ல் நாடாளுமன்றத்தை 80 நாற்காலியாகப் பெருக்கியபோது 24ஐத் துருக்கியருக்கு என்று ஒதுக்கினார்கள். அந்த 24 நாற்காலியும் இன்றுவரை காலி. ஒதுக்கியிருக்கிறது, உட்கார ஆள் இல்லை.

நாங்கள் எடுத்த நாற்காலி

இப்போது என் தப்பு. இருபது வருஷத்துக்கு முன் நான் வேலை செய்த செம்பனைத் தோட்டத்தில் கிளைக் கமிட்டிக்கு ஒன்பது பேர். தோட்டத்தில் பெரும்பாலும் நம் ஆட்கள். மலாய்க்காரத் தொழிலாளர்கள் 14 குடும்பம்தான். ஆனாலும் கமிட்டியில் அவர்களுக்கு இரண்டு இடம் என்றும், நிர்வாகத்தோடு மோதும் முடிவென்றால் அவர்களையும் கேட்டுத்தான் எடுக்க வேண்டும் என்றும் பழைய கிளைத் தலைவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். எழுத்தில் இல்லை. வழக்கம்தான்.

எங்களுக்கு இளரத்தம். 14 குடும்பத்துக்கு இரண்டு இடமா என்று கூட்டத்தில் எழுந்து கேட்டவன் நான்தான். பெரியவர் என்னைப் பார்த்து, அவர்களுக்குக் கொடுத்தது இடம் இல்லை தம்பி, நம்பிக்கை என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டார். கை தூக்கினோம். நாங்கள்தான் அதிகம். வழக்கத்தை எடுத்தோம். அவர்கள் சண்டை போடவில்லை. அடுத்த மாதத்திலிருந்து கூட்டத்துக்கு வரவில்லை. அடுத்த வருஷம் சந்தாவும் நின்றது. குலைக் கூலித் தகராறு வந்து எல்லாரும் சேர்ந்து ஆபீசுக்குப் போக வேண்டிய காலையில், பிரட்டுக்களத்தில் நாங்கள் மட்டும் நின்றோம். அவர்கள் வேலைக்காட்டுக்குப் போய்விட்டார்கள். நிர்வாகம் எங்களைப் பார்த்துச் சிரித்தது. அந்தத் தகராறில் நாங்கள் ஒரு காசுகூட வாங்கவில்லை.

பெரியவர் இப்போது இல்லை. நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டிய 14 வீடும் அந்தத் தோட்டத்தில் இப்போது இல்லை.

காலம் எப்படித் திரும்பியது பாருங்கள். இன்று எத்தனையோ தோட்டங்களில் இந்தோனேசியர், வங்காளதேசத்தார், நேப்பாளிகள்தான் அதிகம். பிரட்டில் பெயர் கூப்பிட்டால் நம் பெயர் நாலோ ஐந்தோதான் வருகிறது. சில இடத்தில் இப்போது நாம்தான் சின்னவன். சில இடத்தில் இன்னும் பெரியவன். எங்கே பெரியவனாக இருக்கிறோமோ, அங்கே அடுத்தவன் நாற்காலியை எண்ணிக்கை பார்த்து எடுக்காதீர்கள் தோழர்களே. அவன் தமிழ் பேசாவிட்டாலும் கூட்டம் நடக்கும் நாளை அவனுக்குப் போய்ச் சொல்லுங்கள். அவன் வேண்டாம் என்றால் ஏன் வேண்டாம் என்று உட்கார்ந்து கேளுங்கள். எங்கே சின்னவனாக இருக்கிறோமோ, அங்கே எல்லாவற்றுக்கும் முட்டுக்கட்டை போடாதீர்கள். உயிர் போகிற விஷயத்துக்கு அந்த உரிமையை வைத்துக்கொள்ளுங்கள்.

நாற்காலியை எடுப்பது ஒரு நாள் வேலை. எழுந்து போனவனைத் திரும்ப உட்கார வைக்கச் சைப்பிரஸ்காரர்களுக்கு அறுபது வருஷம் போதவில்லை.

அடுத்த வாரம் வழக்கம்போல் உங்கள் கடிதங்களுக்குப் பதில்.